தோமஸ் வீட்டுச் சிவப்புக் கொடி

நான் விசேட கல்வி ஆசிரியையானது ஒரு மின்விசிறியால். பாடசாலைக் கூட்டத்தில் அதிபர் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். வியர்வை தாங்கவில்லை. விசிறியைப் போடச் சொல்லலாம் என்று கையை உயர்த்தினேன். "நல்லது, சுஜாந்தி டீச்சர் தானாகவே முன்வந்திருக்கிறார்" என்றார் அதிபர். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்கு முன்வந்தேன் என்று பக்கத்திலிருந்த டீச்சரைக் கேட்டேன். புதிதாகத் தொடங்கும் விசேட கல்வி அலகுக்காம். விசிறி பழுது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வேண்டாவெறுப்பாகத் தொடங்கியதைக்கூட ஊரே பார்க்கும்படி செய்து காட்ட வேண்டும். பயிற்சிக்குப் போனேன், டிப்ளோமா முடித்தேன், அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாற்பது கடந்த பிறகு விசேட கல்வியில் முதுமாணிப் பட்டத்துக்குப் பதிந்துகொண்டேன். என் கணவர் நிரோசன் படகு எஞ்சின் திருத்துகிறவர். கையில் கிறீசோடு விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"இந்த வயசில இது என்னத்துக்கு சுஜா?"

"அறிவுக்கு."

"சரி. வாறபோது பாண் ஒண்டும் வாங்கிட்டு வா."

சனி, ஞாயிறுகளில் கற்பிட்டியிலிருந்து புத்தளத்துக்கு பஸ். போகும்போது நுரைச்சோலை மின்நிலையப் புகைக்கூண்டு தெரியும்வரை படிப்பேன், அதன் பிறகு தூங்குவேன். திரும்பும்போது நேராகவே தூங்குவேன். ஆனால் படித்த கொஞ்சத்தை வைத்து நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே! ஸ்பானரைத் தொலைத்த நிரோசனுக்குக் கவனக் குறைபாடு என்றேன். ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் மீன்காரர் நிக்கொலஸுக்கும் ஒரு குறைபாட்டுப் பெயர் வைத்தேன். பிள்ளை சரியாகச் செய்ததும் கொடுக்கிற பிஸ்கட்டுக்கு எங்கள் பாடத்தில் மீளவலியுறுத்தி என்று பெயர். அதை வீட்டில் ஒருநாள் சொல்லித் தொலைத்துவிட்டேன். அன்றிலிருந்து நான் கோப்பையை நீட்டினால் நிரோசன் கேட்பார்: "இது தேத்தண்ணியா, மீளவலியுறுத்தியா?"

இப்படிப் பெருமையில் ஊதிப்போயிருந்த நாட்களில்தான் நான் நிலுக்ஷியைப் பார்த்தேன்.

ஆய்வுக்கு ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து, திட்டம் போட்டுக் கற்பித்து, முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். கடற்கரையோரம் தோமஸ் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறாள், பள்ளிக்கூடம் போவதில்லை என்றார்கள். போனேன். முற்றத்து முருங்கை மரத்தில் நைலோன் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதன் மறுமுனை ஒரு பிள்ளையின் கணுக்காலில் இருந்தது. தோல் உரியாமலிருக்கப் பழந்துணி சுற்றி, அதன் மேல் கயிறு.

பத்து வயது. பேச்சு இல்லை. காது கேட்கும், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். தண்ணீரைக் கண்டால் மட்டும் நடக்கத் தொடங்கிவிடுவாள். ஓட மாட்டாள். பூசைக்குப் போகிறவள் மாதிரி நிதானமாகக் கடலுக்குள் நடந்து போவாள். ஒருமுறை கழுத்துவரை போனவளை வலைக்காரர்கள்தான் இழுத்து வந்தார்களாம். தாய் றோசமேரி கருவாடு காயப்போடுகிறவள், தகப்பன் தோமஸ் கடல்தொழிலில். வேறு ஆளில்லை.

நான் கயிற்றைப் பார்த்த பார்வையை றோசமேரி பார்த்துவிட்டாள்.

"அனே டீச்சர், நான் என்ன பேயா? பெத்த புள்ளயக் கட்டி வைக்க எனக்கு ஆசையா?" அவள் கயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "கயித்த அவுக்கிறதுக்கு ஒரு வழி இருந்தாச் சொல்லுங்க. அவுத்துட்டுப் பொணத்தத் தேட என்னால ஏலாது."

"அவிழ்ப்பம் றோசமேரி. அதுக்குத்தானே நான் படிக்கிறன்" என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சிவப்பு என்றால் நில். இதுதான் என் திட்டம். சிவப்புக் கொடியைக் கண்டால் நிலுக்ஷி நிற்கப் பழக வேண்டும். பழகிவிட்டால் தண்ணீர்க்கரையில் கொடியை நட்டுவிடலாம், கயிறு தேவைப்படாது. புத்தகத்தில் சாலை விளக்குப் படம் போட்டு அழகாக விளக்கியிருந்தது. கற்பிட்டிப் பாதையில் சாலை விளக்கே கிடையாது, எங்கள் பிள்ளைகள் அப்படியொன்றைக் கண்ணால் கண்டதில்லை என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. சிவப்புத் துணிக்கும் நான் அலையவில்லை. றோசமேரியே உள்ளே போய் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்தாள்.

"இவர்ட வலைக்கொடித் துணி டீச்சர். வெயிலுக்கும் வெளிறாது."

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கரையில் வலை விரித்தால் அதன் நுனியில் ஒரு மிதப்பு, மிதப்பில் ஒரு தடி, தடியில் ஒரு கொடி. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறம். தூரத்திலிருந்தே யாருடைய வலை என்று தெரிந்துவிடும். என் அப்பாவுக்குக் கறுப்பு. தோமஸ் வீட்டுக்குச் சிவப்பு. கடலில் சிவப்பைக் கண்டால் எங்கள் ஊரில் யாரும் 'நில்' என்று நினைக்க மாட்டார்கள், 'அது தோமஸின் வலை' என்பார்கள். வலைக்காரன் மகளான எனக்கு இது தெரியாதா? தெரியும். முதுமாணி மாணவிக்குத்தான் தெரியவில்லை.

றோசமேரி நிலுக்ஷியைக் கையில் பிடித்தபடி நாள்தோறும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்தாள். பெயின்ற் வாளியில் மண் நிரப்பிக் கொடியை நட்டேன். நிலுக்ஷி நடப்பாள், நானும் கூடவே நடப்பேன், கொடியடிக்கு வந்ததும் தோளைப் பிடித்து நிறுத்துவேன். நின்றால் மாரி பிஸ்கட் பாதி. முதல் மாதம் அவள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு என்னைக் கடித்தாள். பிறகு கடிப்பதை விட்டாள். பிறகு ஒருநாள் நான் தொடாமலே முற்றத்தைக் கடந்து போய்க் கொடியடியில் நின்றாள். நின்று கையை நீட்டினாள். நான் என் வயதையும் எடையையும் மறந்து முற்றத்தில் துள்ளினேன். ஆறாம் வகுப்பு முழுவதும் யன்னலால் பார்த்துச் சிரித்தது.

என் மேற்பார்வையாளர் ஸலாஹுதீன் சேர் புத்தளத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, எதையும் அவசரமாக நம்பாத கண்கள். அறிக்கையை வாசித்துவிட்டு "மாஷா அல்லாஹ்" என்றார். கண் மட்டும் அப்படியே இருந்தது.

"ஆனா டீச்சர், பள்ளிக்கூட முத்தத்தில தண்ணி இல்லையே. கடைசி அவதானிப்பைத் தண்ணிக்குக் கிட்ட வைப்பம். அங்கயும் நிண்டாத்தான் நிண்டதெண்டு அர்த்தம்."

"வைப்பம் சேர்" என்றேன். கால நீடிப்பெல்லாம் வாங்கி முடிந்திருந்தது. இந்த அவதானிப்பில் சறுக்கினால் ஆய்வேடும் சறுக்கும். வசதியான ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன், சேரும் ஒப்புதல் தந்தார்.

அந்தச் சனிக்கிழமைக்குச் சில நாட்கள் முன்பு சோளகக் காற்று விழுந்து கடல் அடங்கியது. மறுநாள் வகுப்புக்குப் போனால் நிலுக்ஷி இல்லை. வீட்டுக்குப் போனால் பூட்டு. முருங்கையில் கயிறும் இல்லை.

வீட்டில் வந்து அழாக்குறையாகச் சொன்னேன். நிரோசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சோளகம் விழுந்தா தோமஸ் ஆக்கள் தீவில வாடி போடப் போவாங்க எண்டு ஒனக்குத் தெரியாதா? ஒன்ட அப்பா காலமெல்லாம் வாடிக்குப் போன மனுசன். நீ வாடியில நடை பழகினவள்!"

உண்மைதான். காற்று மாறினால் எங்கள் ஆட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தீவுக்குப் போய், ஓலைக் குடிசை போட்டு, கடல் திரும்பக் கொந்தளிக்கும்வரை அங்கேயே இருப்பார்கள். யுத்தம் முடிந்து, கடலுக்குப் போகப் பாஸ் காட்டுகிற காலமும் போன பிறகு யாரும் தயங்குவதில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்து, பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்து ஆய்வுத் திட்டம் போட்ட ஒரே பிறவி நான்தான்.

ஸலாஹுதீன் சேருக்குத் தொலைபேசியில் சொன்னேன். திட்டப்போகிறார் என்று காதைச் சற்றுத் தள்ளிப் பிடித்திருந்தேன். "தீவெண்டா சுத்திவரத் தண்ணிதானே? அப்ப அங்கயே போவம்" என்றார்.

நிரோசன்தான் படகு ஓட்டினார். நான் மாம்பழ நிறத்தில் புதுச் சேலை கட்டியிருந்தேன், சேருக்கு நல்லெண்ணம் வரட்டும் என்று. குடா தாண்டி வெளிக்கடல் வந்ததும் என் வயிறு புரண்டது. பரம்பரை பரம்பரையாகக் கடலில் கிடந்த குடும்பம் எங்களுடையது. நான் படகின் விளிம்பைக் கட்டிப்பிடித்து வாந்தியெடுத்தேன். புத்தளம் டவுனை விட்டு இறங்காத சேர் கச்சான் கொறித்துக்கொண்டு அலையை இரசித்தார். கச்சான் தீர்ந்ததும் அது இருந்த சொப்பிங் பேக்கை மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

தீவில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது கயிறுதான். இப்போது அது வாடியைத் தாங்கும் கப்புக் கம்பில் கட்டியிருந்தது. ஊரில் ஒரு பக்கம்தான் கடல், இங்கே எல்லாப் பக்கமும். அதனால் முன்பைவிடக் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். நிலுக்ஷி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கயிறு இழுபட்டு நின்றது.

"இண்டைக்கு அவுக்கலாம் என்ன டீச்சர்?" றோசமேரி கேட்டாள். கண்ணெல்லாம் ஆசை.

"அவுக்கலாம்" என்றேன்.

தண்ணீர் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, ஊரிலிருந்து கொண்டுவந்த கொடியை நட்டேன். றோசமேரி முடிச்சை அவிழ்த்தாள். நிலுக்ஷி நடந்தாள். நேரே தண்ணீரை நோக்கி, அதே பூசை நடை. கொடியடிக்கு வந்தாள். நின்றாள். கையை நீட்டினாள். பிஸ்கட் கொடுத்தேன். தின்றாள்.

அந்த நிமிடத்தில் எனக்குள் பட்டமளிப்பு விழாவே நடந்து முடிந்துவிட்டது. சேரின் பக்கம் திரும்பி, கடலுக்கு முதுகைக் காட்டி, விளக்கத் தொடங்கினேன். கடலுக்கு முதுகு காட்டாதே என்று எங்கள் கரையில் தவழும் பிள்ளைக்கே சொல்வார்கள். நான் தவழ்வதையெல்லாம் தாண்டியவள் அல்லவா?

"சேர், இதில நாங்க பார்க்க வேண்டியது என்னண்டா, தூண்டலுக்கும் துலங்கலுக்கும் இடையில..."

"டீச்சர்" என்றார் சேர். அவர் பார்வை என் தோளுக்கு மேலால் போயிருந்தது. "புள்ள போகுது."

திரும்பினேன். தோமஸின் படகு கரைக்குக் கிட்ட நங்கூரத்தில் ஆடிக்கொண்டு நின்றது. அதன் பின்பக்கத்தில், வலைக்குக் கட்டும் கொடித்தடிகளைக் கட்டாகச் சேர்த்து நிமிர்த்தி வைத்திருந்தான். அத்தனையும் சிவப்பு. அத்தனையும் காற்றில் படபடத்தன. ஒரு கொடிக்கு அரை பிஸ்கட் என்றால் ஒரு கட்டுக்கு எவ்வளவு? நிலுக்ஷி கணக்கைச் சரியாகவே போட்டிருந்தாள். தண்ணீர் அவள் இடுப்பைத் தாண்டியிருந்தது.

"நில்! நில்லு நிலுக்ஷி!" என்று கத்தினேன். அந்தச் சொல்லை நான் அவளுக்குக் கற்பித்ததே இல்லை.

சேலையோடு பாய்ந்தேன். புதுச் சேலை தண்ணீரைக் குடித்துக் காலோடு சுற்றிக்கொண்டது. விழுந்தேன், எழும்பினேன், உப்புத் தண்ணீர் மூக்கால் போனது. மாதாவே மாதாவே என்று கத்தியபடியே போனேன். வாடிக்குப் பின்னால் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த தோமஸ் ஓடிவருவது கேட்டது. ஒரு அலை நிலுக்ஷியின் தலையை மூடிவிட்டு விலகியது. என் உயிர் போய் வந்தது.

நான் எட்டிப் பிடித்தபோது அவள் படகின் பின்பக்கத்தில், கொடிகளுக்கு நேர் கீழே, கழுத்தளவு தண்ணீரில் ஆடாமல் நின்றாள். நான் எட்டு மாதமாகக் கற்பித்தபடியே, அச்சுப் பிசகாமல். தண்ணீருக்கு மேலே ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். என் மூடிய கைக்குள் நனைந்து கூழாகிப் போன மீதிப் பிஸ்கட் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை நக்கித் தின்றாள்.

தோமஸ் வந்து மகளைத் தூக்கினான். அவனுக்கு மூச்சு இரைத்தது.

"என்ன டீச்சர் ஒங்கட படிப்பு? எண்ட புள்ளயக் கொல்லுற படிப்பா?"

கரையில் றோசமேரி கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாள். ஆசைப்பட்டது தன் பிழை என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கயிற்றைச் சீர்ப்படுத்தினாள். அதைப் பார்த்ததும் கத்தினேன்.

"கட்டாத றோசமேரி! பொறு!" பிறகு தகப்பன் பக்கம் திரும்பினேன். "தோமஸ், நான்தான் மடச்சி. நிக்கிறதுக்கு நான் பழக்கயில்ல. கொடிக்கு வாறதுக்குத்தான் பழக்கியிருக்கிறன். சிவப்பு எங்க இருக்கோ அங்க வருவா. தண்ணிக்குள்ள இருந்தா தண்ணிக்குள்ள போவா. தரையில இருந்தா..." இன்னொரு தடவை நம்பச் சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது?

தோமஸ் கொடிக்கட்டை அண்ணாந்து பார்த்தான். சிவப்பு இனிக் கடலில் இருக்கக்கூடாது என்று நான் கேட்பது அவனுக்கு விளங்கிவிட்டது.

"அது எங்கட அப்பாட நெறம் டீச்சர். இந்தக் கடல் முழுக்கத் தெரியும்."

"தெரியும் தோமஸ்" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியும். அப்பா போன பிறகும் கறுப்புக் கொடியை வேறு யாரும் கட்டவிடாமல் என் அம்மா எத்தனை பேரோடு சண்டை பிடித்தாள்!

தோமஸ் மகளை என்னிடம் தந்துவிட்டுப் படகில் ஏறினான். கொடிக்கட்டை அவிழ்க்காமல் அப்படியே தோளில் சாய்த்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கரையேறி, வாடி வாசலில் ஈரம் படாத மணலில் குத்தி நட்டான்.

நிலுக்ஷி என் பிடியிலிருந்து நழுவினாள். நான் விட்டுவிட்டேன். பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டேன். அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் தொடவில்லை. தண்ணீரை விட்டு வெளியேறி, மணலில் ஏறி, வாடி வாசலில் போய் நின்று கையை நீட்டினாள். றோசமேரி கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மணலில் இருந்து ஓவென்று அழுதாள். இந்தப் பிள்ளை தானாகத் தண்ணீரை விட்டு வந்ததை அவள் ஒருநாளும் கண்டதில்லை. நானும் அழுதேன். நிரோசன் நல்லாயிருந்த எஞ்சினைத் திறந்து பார்த்தார்.

அடுத்த சிக்கல், நாளை வலைக்கு எதைக் கட்டுவது? பச்சை ஒருவருக்கு, நீலம் ஒருவருக்கு, வெள்ளை நுரைக்குள் தெரியாது. நான் றோசமேரியின் சட்டைக்குள் திணிந்துகொண்டு வெளியே வந்தேன். என் மாம்பழ நிறச் சேலை துணி காயப்போடும் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. தோமஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். கேட்கக் கூச்சம்.

"வெட்டுங்க தோமஸ்" என்றேன்.

திரும்பும் வழியில் நான் வாந்தியெடுக்கவில்லை. எடுக்க ஒன்றும் மிச்சமில்லை. காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்த ஸலாஹுதீன் சேர் மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், கொடியைக் கண்டால் கடலில் இறங்காமல் நிற்பாள் எண்டு எழுதியிருக்கீங்க. நான் கண்ணால கண்டது நேர்மாறு. இலக்கு நிறைவேறல்ல."

"ஓம் சேர்."

"அதையே எழுதுங்க. நடந்தத அப்படியே. நேரம் எடுத்துத் தர நான் பாக்கிறன்."

எழுதினேன். என் மடத்தனத்துக்கே ஒரு தனி அத்தியாயம் தேவைப்பட்டது. முதுமாணி ஒரு வருடம் பிந்தி வந்தது, பட்டமளிப்புக்கு அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

கடல் திரும்பவும் கொந்தளிக்கத் தொடங்கியதும் வாடிக்காரர்கள் ஊருக்கு வந்தார்கள். அன்று காலையில் நான் பள்ளிக்கூட முற்றத்தில் கொடியை நட்டுக்கொண்டிருந்தேன். கேற்றடியில் நிலுக்ஷி நின்றாள். றோசமேரி வெகு பின்னால் யாரோடோ கதைத்தபடி வந்துகொண்டிருந்தாள். காலில் கயிறு இல்லை, துணி இல்லை. கணுக்காலைச் சுற்றி வெளிறிய ஒரு வளையம், அதிலும் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அவள் முற்றத்தைக் கடந்து வந்து, கொடியடியில் நின்று, கையை நீட்டினாள்.

நான் கைப்பையைத் திறந்தேன். பிஸ்கட் இல்லை. விசேட கல்வியில் இத்தனை வருடம் படித்தவளிடம் பிஸ்கட் இல்லை!

"இரு, இந்தா வாறன்" என்று அழுதுகொண்டே தெருமுனையிலிருக்கும் மர்ளியா கடைக்கு ஓடினேன். பாதி வழியில்தான் உறைத்தது. கேற்றைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கேற்றுக்கு நேரே ரோட்டு, ரோட்டுக்கு அப்பால் கடல். றோசமேரியைக் காணவில்லை. பிஸ்கட்டாவது மண்ணாவது. செருப்பு கழன்று போக, மாதாவே மாதாவே என்று திரும்பி ஓடிவந்தேன்.

கேற் அகலத் திறந்து கிடந்தது. அப்பால் கடல் பளபளத்தது. நிலுக்ஷி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொடியடியில், நீட்டிய கையை மடக்காமல், நின்றுகொண்டிருந்தாள்.